அப்பாவின் பேலன்ஸ் பயிற்சிக்குப் பழைய வீ ஃபிட் போர்டு: எப்படிப் பயன்படுத்துவது?

பொன்மலைவாசி (கேள்வி)

அப்பாவுக்கு வயது 72, எடை 74 கிலோ. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார், இன்சுலின் கிடையாது. இதுவரை கீழே விழுந்ததில்லை. ஆனால் திரும்பும்போது சுவரைத் தொட்டுக்கொண்டுதான் திரும்புகிறார், மாடிப்படி இறங்கத் தயங்குகிறார். பிசியோ சொல்லிக்கொடுத்த ஒற்றைக்கால் பயிற்சியைச் சலிப்பாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணன் நின்டெண்டோ வீ (டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல்), அதன் மேல் ஏறி நின்று ஆடும் பேலன்ஸ் போர்டு, வீ ஃபிட் பிளஸ் உடற்பயிற்சி டிஸ்க் மூன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த அடாப்டரை நம் ஊர் கரண்டில் நேரே போடலாமா? எங்கள் டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது, மஞ்சள் வெள்ளை சிவப்புப் பின் இல்லை. எந்த விளையாட்டு அவருக்குச் சரி, எத்தனை நிமிஷம், விழாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? இதையெல்லாம் விட்டுவிட்டு ரிங் ஃபிட் (கையில் வளையத்தைப் பிடித்து அழுத்தி ஆடும் உடற்பயிற்சி விளையாட்டு) வாங்குவது மேலா?

பழையகன்சோல்

முதல்ல அடாப்டரை ப்ளக்குல சொருகாதீங்க. திருப்பிப் பாருங்க, இன்புட் 120 வோல்ட்னு போட்டிருக்கும். லேப்டாப் சார்ஜர் 100-லேர்ந்து 240 வரைக்கும் தாங்கும், அமெரிக்க வீ அடாப்டர் தாங்காது. 230-ல போட்டா உள்ள இருக்கற ஃபியூஸ் போயிடும். நல்லவேளையா பெரும்பாலும் கன்சோல் தப்பிச்சிடும்.

ரெண்டு வழி இருக்கு. ஐரோப்பிய மாடலுக்கான 230 வோல்ட் வீ அடாப்டர் (அவுட்புட் 12 வோல்ட், 3.7 ஆம்பியர்) வாங்கிட்டா வேலை முடிஞ்சது. இல்லன்னா 230-ஐ 110 ஆக்கற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், 100 வாட் போதும். ஹேர் டிரையருக்குன்னு விக்கற குட்டி டிராவல் கன்வெர்ட்டரைக் கண்டிப்பா வாங்காதீங்க. அது எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது.

டிவிக்கு, வீயின் பின்னாடி ஏவி அவுட்ல நேரே சொருகற எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் ஆன்லைன்ல கிடைக்கும். மாட்டினதும் வீ செட்டிங்ஸ்ல ஸ்கிரீனுக்குள்ள போய் 480பி வைங்க. அப்புறம் டிவி மெனுவில் கேம் மோட் ஆன் பண்ணுங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. டிவி படத்தை மெருகேத்த எடுத்துக்கற நேரத்துல, உங்க அப்பா சாய்ஞ்சது திரையில் லேட்டாத் தெரியும். லேட்டாத் தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் சாய்வார், அப்புறம் பதறி எதிர்ப்பக்கம் இழுப்பார். பேலன்ஸ் சரியில்லைன்னு நினைப்பீங்க, குத்தம் டிவியோடது.

போர்டுக்கு ஏஏ சைஸ் செல் நாலு. கன்சோலோட இணைக்க, போர்டைக் கவுத்து பேட்டரி மூடியைத் திறந்தா உள்ள சிவப்பா ஒரு சிங்க் பட்டன் இருக்கும். கன்சோலின் முன்பக்கம் எஸ்டி கார்டு மூடிக்குள்ளயும் அதே மாதிரி ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு அழுத்துங்க. போர்டு நாலாவது பிளேயர் இடத்தை எடுத்துக்கும், அதனால நாலாவது ரிமோட் சேர்க்காதீங்க. ஒரு மாசம் தொடாம வைக்கப்போறீங்கன்னா செல்லைக் கழட்டிடுங்க. செல் கசிஞ்சு கம்பி பச்சை பூத்த போர்டுதான் ரிப்பேருக்கு அதிகம் வருது. லேசான பச்சைன்னா வினிகர் தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லாக் காய வச்சாலே சரியாகும்.

ஆன் ஆகும்போது போர்டு தன்னைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். திரையில் ஏறச் சொல்ற வரைக்கும் யாரும் ஏறக்கூடாது, ஒரு காலைக்கூட வைக்கக்கூடாது. பாய், கார்ப்பெட் மேல போடாதீங்க. போர்டோட அடிப்பக்கம் தரையில் உரசினா எடைக் கணக்கு தப்பும். கார்ப்பெட் மேல போட்டே ஆகணும்னா கூட வர்ற நாலு கால் உயர்த்தியை மாட்டுங்க. தாங்கற எடை 150 கிலோ. அமெரிக்க டிஸ்க் பவுண்டுலதான் எடை காட்டும், 2.2 ஆல் வகுத்துக்கங்க. அதோட, அமெரிக்க கன்சோல்ல அமெரிக்க டிஸ்க் மட்டும்தான் ஓடும். ஐரோப்பிய டிஸ்க்கை மலிவா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க.

தசைநார் (பிசியோதெரபிஸ்ட்)

விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டிலேயே சில சோதனைகள் செய்யுங்கள். போர்டு காட்டும் "வீ ஃபிட் வயது" இதற்கு உதவாது. அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு சோதனையைக் கொடுத்துக் கணக்கிடுவதால் ஒரே ஆளுக்கு இன்று 60, நாளை 75 என்று வரும். அப்பா அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

கை வைத்த நாற்காலியில் அவரை உட்கார வைத்து, மூன்று மீட்டர் தள்ளித் தரையில் டேப் ஒட்டுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 'போகலாம்' என்று சொன்ன நொடியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, அவர் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. திரும்பும் இடத்தில் எத்தனை குட்டி அடி வைக்கிறார், எதையாவது பிடிக்கத் தேடுகிறாரா என்றும் பாருங்கள். உங்கள் வர்ணனைப்படி அவருடைய சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது நிற்கும் சோதனை. பாதங்களைச் சேர்த்து, பிறகு ஒரு பாதத்தை அரை அளவு முன்னே நகர்த்தி, பிறகு குதிகாலும் மறுகாலின் விரல் நுனியும் தொடும்படி நேர்கோட்டில், கடைசியாக ஒற்றைக் காலில். ஒவ்வொன்றிலும் 10 நொடி, நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்றாவது நிலையில் 10 நொடி தாங்கவில்லையென்றால் போர்டில் கைப்பிடி இல்லாமல் ஏற்றவே கூடாது.

பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்பதால் இன்னொன்றும் அவசியம். ஐந்து நிமிஷம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நின்றபின் முதல் நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் முதலில் போக வேண்டியது மருந்து எழுதிய டாக்டரிடம். அந்தத் தடுமாற்றம் எந்தப் பயிற்சியாலும் தீராது. அதுபோலப் படுக்கையில் புரளும்போது உலகமே சுற்றுகிறது என்றால் அது காதுக்குள் இருக்கும் கோளாறாக இருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

ஏற்பாடு: போர்டின் உயரம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். ஆனால் விளையாட்டு முடிந்ததும் கண் திரையில் இருக்க, கால் பின்னால் இறங்கும் நொடிதான் எனக்குக் கவலை. விளிம்பு அவர் கண்ணில் படாது. ஒவ்வொரு முறையும் கீழே பார்த்து, நாற்காலியைப் பிடித்து, ஒரு கால் தரையில் உறுதியான பிறகே அடுத்த கால் என்று பழக்குங்கள். இரண்டு பக்கமும் கனமான மர டைனிங் நாற்காலி, முதுகுப் பக்கம் அவரை நோக்கி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸில் அது அவரோடு சேர்ந்து வழுக்கும். வாக்கரும் வைக்கலாம், ஆனால் அதன் கால் போர்டின் மேல் ஏறக்கூடாது. நீங்கள் பக்கவாட்டில் அரையடி பின்னால் நின்று, அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டில் ஒரு கை வைத்திருங்கள். கையைப் பிடித்து இழுப்பது உதவாது. விழுகிறவரைக் கையால் பிடித்தால் தோள்பட்டைதான் போகும்.

வெறுங்கால்தான் சரி. சாக்ஸ் வழுக்கும். வேட்டி வேண்டாம், அரை டிரவுசர் போடச் சொல்லுங்கள், முழங்கால் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுகர் உள்ளவர் என்பதால் முடித்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். பாதம் மதமதப்பாக இருந்தால் கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் பயிற்சியோடு சேரும்போது அளவைக் கூடுதலாக இறக்கிவிடும். தொடங்கும்போதே 90-100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு ஏறட்டும்.

இப்போது விளையாட்டு. முதல் இரண்டு வாரம் பெங்குவின் ஸ்லைடும் டேபிள் டில்ட்டும் போதும். முன்னது இடவலம் மட்டும், பின்னது எல்லாத் திசையும். சில விளையாட்டுகள் பூட்டியே இருக்கும், விளையாட விளையாடத் திறக்கும். அதன் பிறகு ஸ்கீ ஸ்லாலம், பேலன்ஸ் பபிள். சாக்கர் ஹெட்டிங் வேண்டாம். பந்து வேகமாக வரும், அவர் இடுப்பை விட்டுவிட்டுக் கழுத்தை வெட்டுவார். ஸ்கீ ஜம்ப்பும் இப்போதைக்கு வேண்டாம். டைட்ரோப் வாக்கில் ஓர் எச்சரிக்கை: தடை வரும்போது முழங்காலை மடக்கி நிமிர்த்தினாலே திரையில் இருப்பவர் தாண்டுவார். நிஜமாகவே குதிப்பவர்கள் உண்டு. போர்டை விட்டுக் கால் எழவே கூடாது என்று முன்கூட்டியே செய்து காட்டுங்கள்.

அவர் ஆடும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள். நான்கு மூலையிலும் உள்ள சென்சார்கள் பாதம் அழுத்தும் மையத்தைத்தான் அளக்கின்றன, உடம்பின் சாய்வை அல்ல. கால் விரலை அழுத்தினாலே உடம்பு நகராமல் புள்ளி முன்னால் ஓடும். தோளை ஒரு பக்கம் வெட்டி, இடுப்பை மறுபக்கம் தள்ளியும் ஸ்கோர் எடுக்கலாம். அப்படி எடுத்த ஸ்கோரால் மாடிப்படியில் பயனில்லை. காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் நகர வேண்டும், அசைவு கணுக்காலிலும் இடுப்பிலும் இருந்து வர வேண்டும், குதிகால் எழக்கூடாது. கோணல் வந்தால் ஸ்கோர் போனாலும் பரவாயில்லை, மெதுவாக ஆடச் சொல்லுங்கள்.

வாரம் மூன்று நாள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பேலன்ஸும் வலுவும் சேர்ந்த பயிற்சி வாரத்துக்கு மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. ஓர் அமர்வு 25 நிமிஷம். முதலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 8 முறை, இரண்டு சுற்று. பிறகு விளையாட்டு மொத்தம் 10-12 நிமிஷம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஓய்வு. கடினத்தைக் கூட்டும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: இரண்டு கைப்பிடி, ஒரு கை, ஒரு விரல், பிடிக்காமல் கையை நாற்காலிக்கு மேலே வைத்திருப்பது. அது எளிதான பிறகே பாதங்களை நெருக்குவது. கை எவ்வளவு தாங்குகிறது என்று அறிய ஒரு வழி உண்டு. எடை பார்க்கும்போது ஒருமுறை கையை விட்டு நின்றும், ஒருமுறை நாற்காலியைப் பிடித்தும் பாருங்கள். 74 கிலோ 66 ஆகக் காட்டினால் 8 கிலோவை நாற்காலி சுமக்கிறது. அது ஒன்றிரண்டு கிலோவுக்கு வந்த பிறகு ஒரு கையை விடலாம்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை அந்த மூன்று மீட்டர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விளையாட்டு ஸ்கோர் ஏறியும் இந்த நொடிக்கணக்கு குறையவில்லையென்றால் அவர் விளையாட்டைத்தான் கற்றிருக்கிறார்.

கைனெக்ட்பிரியன்

தசைநார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் பேலன்ஸ் போர்டின் பெரிய குறை ஒன்றைச் சொல்லவேண்டும். அதில் இரண்டு பாதமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நிஜத்தில் தடுமாறும்போது ஆளைக் காப்பாற்றுவது சட்டென்று எடுத்து வைக்கும் ஓர் அடி. திரும்புவதும் அடி எடுத்து வைப்பதுதான். போர்டு அதைக் கற்றுத்தராது. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் கைனெக்ட் (ஆடுபவரின் அசைவைக் கேமராவால் பார்க்கும் சென்சார்) பழையது கிடைத்தால் கைனெக்ட் அட்வெஞ்சர்ஸில் உள்ள 20,000 லீக்ஸ் நல்ல பயிற்சி. கண்ணாடிப் பெட்டியில் விழும் விரிசலைக் கையாலும் காலாலும் எட்டி அடைக்க வேண்டும். ரிஃப்ளெக்ஸ் ரிட்ஜ் குதிக்கச் சொல்லும், அது வயதானவர்களுக்கு வேண்டாம்.

கைனெக்டுக்கு இடம் வேண்டும். ஒருவர் ஆட சென்சாரிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், நடுவே டீப்பாய் கூடாது. ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் அகச்சிவப்புக் கதிர் குழம்பும், ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். வேட்டி, நைட்டி, புடவையில் அது முழங்காலைக் கண்டுபிடிக்காமல் திணறும்.

தசைநார்

அடி எடுத்து வைக்கும் பயிற்சி அவசியம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இவருக்குக் கைனெக்டைப் பரிந்துரைக்க மாட்டேன். பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மகன் ஒட்டி நின்றால் கேமரா இரண்டு பேரின் கைகால்களையும் கலந்துவிடும். அதற்குப் பயந்து மகன் தள்ளி நிற்பார். பாதுகாப்பைக் கெடுத்துக்கொண்டு விளையாட்டு வேண்டாம்.

ஓய்வு நிமிஷத்துக்குப் பிறகு, தரையில் டேப்பால் ஒரு கூட்டல் குறி போடுங்கள், நான்கு கட்டம் கிடைக்கும். முகம் டிவியைப் பார்த்தபடியே முன், வலம், பின், இடம் என்று கட்டம் மாறி அடி வைத்து, அதே வழியில் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பாதமும் பதிய வேண்டும். மூன்று சுற்று. பின்னோக்கி வைக்கும் அடியில்தான் தயங்குவார், அந்த நேரத்தில் பெல்ட்டில் கை இருக்கட்டும். போர்டில் ஏறி இறங்கும் பேசிக் ஸ்டெப் பிறகு பார்க்கலாம். மூன்று மீட்டர் சோதனை 12 நொடிக்குக் கீழே வந்து, கூட்டல் குறியில் தடுமாறாமல் போகும்போது தொடங்குங்கள்.

வளையம்

ரிங் ஃபிட் கேள்விக்கு: 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது. அது முக்கியமாக வலு, மூச்சு வாங்கும் பயிற்சி. ட்ரீ போஸ் மாதிரி யோகா நிலைகள் சில உண்டு, ஆனால் பாதத்தின் அழுத்தத்தை அளக்க அதில் ஒன்றுமில்லை. அப்பாவின் பேலன்ஸுக்காக வாங்காதீர்கள். உங்களுக்காக வாங்கலாம். மேல்மாடியில் இருந்தால் சைலன்ட் மோட் போடுங்கள், ஓட்டத்துக்குப் பதில் முழங்காலை லேசாக மடக்கி நிமிர்த்தினால் போதும், கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாது. தொடைப்பட்டை தளர்ந்தால் ஸ்குவாட் எண்ணிக்கையில் சேராது. லுங்கி மேல் கட்டாதீர்கள்.

பிரஷர் இருப்பவர்கள் வளையத்தை அழுத்தும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாது. அழுத்தும்போது மூச்சை வெளியே விடவேண்டும். பிடித்தபடி அமுக்கினால் பிரஷர் அந்த நொடியிலேயே எகிறும். ஸ்விட்ச் லைட் வைத்திருந்தால் ஜாய்கான் (வளையத்திலும் தொடைப்பட்டையிலும் மாட்டும் கன்ட்ரோலர்) தனியாக வாங்கவேண்டும். ஸ்விட்ச் 2-இல் விளையாட்டு ஓடும், ஆனால் அதன் ஜாய்கான் வளையத்தில் பொருந்தாது, பழைய ஜாய்கானே தேவை.

பொன்மலைவாசி

எல்லாருக்கும் நன்றி. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டாயிற்று, ஓடுகிறது. மூன்று மீட்டர் சோதனை 14 நொடி. பிரஷர் நின்றபின் இறங்கவில்லை. போர்டில் எடையும் நிற்கும் சமநிலையும் பார்க்கும் பாடி டெஸ்ட்டில் எப்போதும் புள்ளி இடப்பக்கமே நிற்கிறது, இடம் 56 சதவீதம், வலம் 44. போர்டு கோளாறா, அப்பா நிற்பதே அப்படியா? பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 24, நார்மல் என்கிறது, சரியா?

பழையகன்சோல்

போர்டை 180 டிகிரி திருப்பிப் போட்டு, அப்பாவை அதே மாதிரி டிவியைப் பார்த்து நிக்க வைங்க. இப்ப புள்ளி வலப்பக்கம் போனா போர்டு சரி, அவரோட இடது கால்தான் அதிக எடை சுமக்குது. திருப்பின பிறகும் திரையில் இடப்பக்கமே நின்னா கோளாறு போர்டுல. அப்படின்னா முதல்ல போர்டை வேற இடத்துல போட்டுப் பாருங்க. அப்புறம் அடியில் இருக்கற நாலு ரப்பர் காலும் இருக்கான்னு பாருங்க, செல்லை மாத்துங்க. அதுக்கும் சரியாகலைன்னா மூலை சென்சார் ஒண்ணு போயிருக்கும். அதைக் கழட்டி ரிப்பேர் பண்றதைவிட வேற பழைய போர்டு வாங்கறது மலிவு.

தசைநார்

திருப்பியதும் வலப்பக்கம் போனால் அவர் வலது காலைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். வலது முழங்கால் மூட்டு வலிக்கிறதா, அந்தப் பக்கம் திரும்பும்போதுதான் சுவரைத் தேடுகிறாரா என்று கேளுங்கள். வலியிருந்தால் பெங்குவினை வலப்பக்கம் நிறையத் தள்ள வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிசியோவிடம் முழங்காலைக் காட்டிவிட்டுத் தொடருங்கள். வலியில்லாமல் வெறும் பழக்கமென்றால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் முன் கண்ணாடி முன்னால் அரை நிமிஷம் இரு காலிலும் சமமாக நின்றுவிட்டு ஏறட்டும். 14 நொடி என்பதால் இரண்டு கைப்பிடியோடுதான் தொடக்கம்.

பி.எம்.ஐ. விஷயம்: விளையாட்டு 25 வரை நார்மல் என்கிறது. இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை என்று கணக்கு. சுகர் உள்ளவர் என்பதால் 24-ஐ நார்மல் என்று விட்டுவிடாமல், இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.